மீன் படகுகளுக்குரிய பனிப்பெட்டி: விலை உயர்ந்ததா, மலிவானதா?

நெய்யாறு அரபிக் கடலில் கலக்கும் பொழிமுகத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் பூவார் அமைந்துள்ளது. இதற்குத் தெற்கே பொழியூர் உள்ளது. அதைக் கடந்தால் தமிழ்நாட்டின் நீரோடி, மார்த்தாண்டன்துறை, தூத்தூர் முதலிய கடற்கரை ஊர்கள் தொடர்கின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எனினும் கடலும் மீனும் இவ்வெல்லையை அறியா. இரு புறத்தாரும் ஒரே கடலில் தொழில் செய்கின்றனர். ஒரே சந்தைகளில் விற்கின்றனர். மீன் கெட்டுப்போவதால் உண்டாகும் இழப்பையும் ஒருங்கே சுமக்கின்றனர்.

இக்கரையில் கட்டுமரமும் கரமடியும் மட்டுமே வழங்கிய காலத்தில் மீனுக்குப் பனிக்கட்டி தேவைப்பட்டது அரிது. வலை கரையேறிய சில நாழிகையில் மீன் விலைபோயிற்று. எஞ்சியது உப்பிடப்பட்டது அல்லது மணலில் உலர்த்தப்பட்டது. இன்று புறப்பொறி பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் தொலைவிலுள்ள மீன்தளங்களுக்குச் செல்கின்றன. தூண்டில் தொழிலுக்குச் செல்வோர் இரண்டு மூன்று நாட்கள் கடலிலேயே தங்குவதும் உண்டு. ஆகவே படகில் பனிப்பெட்டி, அதாவது மக்கள் வழக்கில் ‘ஐஸ் பெட்டி’, இன்றியமையாத கருவியாகிவிட்டது.

சந்தையில் இப்பெட்டிகள் பலவகையாகக் கிடைக்கின்றன. சில நூறு ரூபாய்க்குத் தெர்மோகோல் பெட்டி கிடைக்கும். தடித்த சுவருக்குள் பாலியூரித்தேன் நுரை நிரப்பிய உறுதியான பெட்டிக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும். மேலை நாடுகளில், 2006-இல் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் தொடங்கப்பெற்ற யெட்டி போன்ற நிறுவனங்கள் இவ்வகைப் பெட்டியை உயர்ந்த விலைப் பண்டமாகவே ஆக்கிவிட்டன. ‘இவற்றுள் எதை வாங்கலாம்?’ என்று மீனவர் கேட்கும்போது, விரிவுப் பணியாளர் ‘நல்லதை வாங்குங்கள்’ என்று கூறி அமைதல் போதாது. கடன் பெற்று வாங்கும் குடும்பத்திற்கு அவ்விடை உதவாது. எந்தத் தொழிலுக்கு எந்தப் பெட்டி பயன் தரும் என்பதைக் கணக்கிட்டே காட்டுதல் இயலும். அக்கணக்கை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மீன் கெடுவது எவ்வாறு?

உயிருள்ள மீனின் தசையில் நுண்ணுயிர்கள் இல்லை எனலாம். தோலின் வழுவழுப்பிலும், செவுள்களிலும், குடலிலும் அவை திரளாக வாழ்கின்றன. மீன் இறந்ததும் அதன் உடலிலுள்ள நொதிகள் தசையைச் சிதைக்கத் தொடங்குகின்றன. தொடர்ந்து நுண்ணுயிர்கள் உட்புகுந்து பெருகுகின்றன. இவ்விரு வினைகளும் வெப்பநிலையைப் பொறுத்தே விரைகின்றன.

மீன்தொழில் நூல்களில் வழங்கும் எளிய சூத்திரம் ஒன்று இதனைத் தெளிவாக்கும். வெப்பநிலையைப் பத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வரும் எண்ணை அதனாலேயே பெருக்குக. கிடைப்பது, 0 டிகிரி சென்டிகிரேடில் மீன் கெடும் வேகத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதாகும். 5 டிகிரியில் இது இரண்டே கால் மடங்கு. 10 டிகிரியில் நான்கு மடங்கு. அதாவது, 10 டிகிரியில் ஒரு நாள் கிடந்த மீன், பனிக்கட்டிக்குள் நான்கு நாள் கிடந்த மீனுக்கு ஒப்பாகும். இச்சூத்திரம் குளிர்க்கடல் மீன்களைக் கொண்டு வகுக்கப்பட்டது. நமது வெப்பமண்டல மீன்களோ, உடனே பனிக்கட்டியில் இடப்பட்டால் அவற்றினும் நீண்ட நாள் தாங்குவது உண்டு; ஆனால் 30 டிகிரி வெயிலில் விடப்பட்டால் ஒரு பகற்பொழுதிலேயே கெட்டுவிடுகின்றன.

இன்னொரு தீங்கும் உண்டு. சூரை, அயிலை, சாளை முதலிய மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் பொருள் மிகுதி. குளிர் குறைந்தால் சில பாக்டீரியாக்கள் இதனை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. அம்மீனை உண்டோர்க்கு முகம் சிவத்தல், தலைவலி, தடிப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றும். ஹிஸ்டமின் ஒருமுறை உண்டாகிவிட்டால் சமைப்பதால் அழிவதில்லை. பின்னர்ப் பனிக்கட்டியில் வைப்பதாலும் நீங்குவதில்லை. எனவே முதல் சில மணி நேரக் குளிர்ச்சியே மிக முக்கியமானது.

பனிக்கட்டி செய்யும் இரு வேலைகள்

பெட்டிக்குள் இடப்படும் பனிக்கட்டி இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, மீனின் உடற்சூட்டை இறக்குதல். இரண்டாவது, பெட்டியின் சுவர் வழியாக உட்புகும் வெப்பத்தை ஏற்று அழித்தல். இவ்விரண்டையும் பிரித்து அறியாமையே பெட்டி வாங்குவதில் நேரும் பிழைகளுக்குக் காரணமாகும்.

ஒரு கிலோகிராம் பனிக்கட்டி 0 டிகிரியில் உருகி நீராவதற்கு 80 கிலோகலோரி வெப்பம் வேண்டும். இது அதன் உள்ளுறை வெப்பம். ஒரு கிலோகிராம் மீனின் சூட்டை ஒரு டிகிரி குறைக்க ஏறத்தாழ 0.8 கிலோகலோரியை நீக்கினால் போதும். எனவே 30 டிகிரியில் பிடிபட்ட 40 கிலோகிராம் மீனை 0 டிகிரிக்குக் கொணர 960 கிலோகலோரியை நீக்க வேண்டும்; அதற்கு 12 கிலோகிராம் பனிக்கட்டி தேவை. மீனின் எடையை அதன் வெப்பநிலையால் பெருக்கி நூறால் வகுத்தால் இவ்விடை நேரே கிடைக்கும். இந்த 12 கிலோகிராம், எவ்வளவு விலையுயர்ந்த பெட்டியிலும் குறைவதில்லை. பெட்டி மீனைக் குளிரச் செய்வதில்லை. குளிரச் செய்வது பனிக்கட்டியே. பெட்டியின் கடமை வெளிச்சூட்டைத் தடுத்தல் ஒன்றே.

ஆகவே, உயர்ந்த பெட்டி வாங்கிவிட்டோம் என்று பனிக்கட்டியைக் குறைப்போர் தம் மீனையே இழப்பர். நமது வெப்பநாட்டில் மீனுக்குச் சம எடைப் பனிக்கட்டி என்று வழங்கும் விதி, இவ்விரு வேலைகளையும் சேர்த்து, சற்று மிகையும் வைத்து வகுக்கப்பட்டதாகும்.

வெப்பத்தைத் தடுக்கும் பொருள்கள்

1833-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘டஸ்கனி’ என்னும் கப்பல் 180 டன் இயற்கைப் பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. ஏறக்குறைய நான்கு மாதம் கடலில் வந்தும், 100 டன் அளவு உருகாமல் கரைசேர்ந்தது. அத்தகைய பனிக்கட்டியைச் சேமிக்கவே 1842-இல் சென்னைக் கடற்கரையில் ‘ஐஸ் ஹவுஸ்’ கட்டப்பட்டது. இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குவது அக்கட்டடமே. இவ்வணிகத்தில் பனிக்கட்டியைக் காத்த பொருள் வெறும் மரத்தூளாகும். மரத்தூளின் இடுக்குகளில் அசையாது நிற்கும் காற்றே வெப்பத்தைத் தடுத்தது.

இன்றைய பொருள்களும் இத்தத்துவத்தையே பின்பற்றுகின்றன. தெர்மோகோல் என்று நாம் அழைக்கும் விரிவாக்கிய பாலிஸ்டைரீன், நுண்ணிய மணிகளுக்குள் காற்றைச் சிறைப்படுத்தியது. ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மீட்டர் தடிப்பும் உள்ள தெர்மோகோலின் வழியே, இரு பக்கங்களுக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது, மணிக்கு ஏறத்தாழ 0.03 கிலோகலோரி கடக்கிறது. பாலியூரித்தேன் நுரையில் இது ஏறத்தாழ 0.02. மரத்தில் இதைப் போலப் பல மடங்கு. அலுமினியத்திலோ பல்லாயிரம் மடங்கு. மீன் விற்கும் பெண்கள் தலையில் சுமக்கும் அலுமினியச் சருவம் வெயிலின் சூட்டை அப்படியே மீனுக்குக் கொடுத்துவிடுவதன் காரணம் இதுவே.

பாலியூரித்தேன் தெர்மோகோலைவிட ஒன்றரை மடங்கு சிறந்தது என்பது இதனால் விளங்கும். ஆனால் விலையுயர்ந்த பெட்டியின் சிறப்பு நுரையின் தன்மையில் மட்டும் இல்லை. சுவரின் தடிப்பிலும் உள்ளது. தடிப்பு இரட்டித்தால் உட்புகும் வெப்பம் பாதியாகும். இவ்விரண்டும் சேர்ந்தே பெரிய வேறுபாட்டைத் தருகின்றன.

இந்நாட்டில் இத்துறை ஆராய்ச்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1952-இல் கையெழுத்தான இந்திய–நார்வே திட்டம் மறு ஆண்டில் கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் பணி தொடங்கி, மீனுக்குப் பனிக்கட்டி இடும் வழக்கத்தைப் பரப்பியது. 1957-இல் கொச்சியில் நிறுவப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம், பழைய தேயிலைப் பெட்டிகளுக்குள் தெர்மோகோல் பலகைகளைப் பதித்து, மலிவான மீன் பெட்டிகளை உருவாக்கிக் காட்டியது. மலிவான பெட்டி என்பதனாலேயே அது தாழ்ந்தது அன்று என்பதற்கு இதுவே சான்று.

ஒரு கணக்கு

வெளியளவு 90 சென்டிமீட்டர் நீளம், 50 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயரம் உள்ள இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். படகில் இரண்டும் ஒரே இடத்தைப் பிடிக்கும்.

மலிவுப் பெட்டி: சுவர் 2.5 சென்டிமீட்டர் தெர்மோகோல். உட்கொள்ளளவு 153 லிட்டர். சுவரின் சராசரிப் பரப்பு ஏறத்தாழ 2 சதுர மீட்டர்.

உயர்விலைப் பெட்டி: சுவர் 5 சென்டிமீட்டர் பாலியூரித்தேன் நுரை. உட்கொள்ளளவு 112 லிட்டர். சராசரிப் பரப்பு ஏறத்தாழ 1.8 சதுர மீட்டர்.

வெளிக்காற்று 30 டிகிரி, உள்ளே 0 டிகிரி எனக் கொண்டால், மலிவுப் பெட்டியின் சுவர் வழியே மணிக்கு 72 கிலோகலோரி உட்புகும், அது 0.9 கிலோகிராம் பனிக்கட்டியை உருக்கும். உயர்விலைப் பெட்டியில் புகுவது 21.6 கிலோகலோரி, உருகுவது 0.27 கிலோகிராம். வேறுபாடு மணிக்கு 0.63 கிலோகிராம். மூடியைத் திறப்பதாலும் நேர் வெயிலாலும் வரும் சூடு இதற்கு மேற்பட்டது. அது இருவகைப் பெட்டிக்கும் பொது.

முதலில், மாலையில் சென்று காலையில் திரும்பும் பத்து மணி நேரத் தொழிலைக் காண்போம். சுவர்ச்சூட்டுக்காக மலிவுப் பெட்டியில் 9 கிலோகிராமும், உயர்விலைப் பெட்டியில் 2.7 கிலோகிராமும் பனிக்கட்டி வேண்டும். உடைத்த பனிக்கட்டி ஒரு கிலோகிராம் ஏறத்தாழ 2 லிட்டர் இடம் கொள்ளும். ஆகவே முதற்பெட்டியில் 18 லிட்டர் போக 135 லிட்டர் மிஞ்சும்; இரண்டாவதில் 5 லிட்டர் போக 107 லிட்டரே மிஞ்சும். ஒரே இரவுத் தொழிலில் மெல்லிய சுவர்ப் பெட்டியே மிகுதியான மீனைக் கொள்கிறது. விலை கூடிய பெட்டி இங்கே இடத்தைக் குறைக்கிறது.

அடுத்து, 72 மணி நேரம், அதாவது மூன்று நாள் தொழிலைக் காண்போம். மலிவுப் பெட்டிக்குச் சுவர்ச்சூட்டுக்காக மட்டும் 65 கிலோகிராம் பனிக்கட்டி வேண்டும். அது 130 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். எஞ்சும் 23 லிட்டரில், மீனும் அதைக் குளிர்விக்கும் பனிக்கட்டியும் அடங்க வேண்டும். உயர்விலைப் பெட்டிக்கு 19.4 கிலோகிராம், அதாவது 39 லிட்டர் போதும்; 73 லிட்டர் எஞ்சும். மூன்று மடங்கு இடம்! மூன்று நாள் தொழிலில் மலிவுப் பெட்டி பனிக்கட்டியைச் சுமக்கும் பெட்டியே அன்றி, மீனைச் சுமக்கும் பெட்டி அன்று.

இவ்விரண்டும் சமமாகும் நேரம் யாது? தடித்த சுவரால் இழக்கும் இடம் 41 லிட்டர். அது ஏறத்தாழ 20 கிலோகிராம் பனிக்கட்டிக்குரிய இடம். மணிக்கு 0.63 வீதம் அதனை ஈடுசெய்ய 33 மணி ஆகும். ஆகவே ஒன்றரை நாளுக்குக் குறைந்த தொழிலுக்கு மெல்லிய சுவரும், அதற்கு மேற்பட்ட தொழிலுக்குத் தடித்த சுவரும் ஏற்றவை என்பது இவ்வளவுள்ள பெட்டிகளுக்குக் கிடைக்கும் விதியாகும்.

பணக்கணக்கும் இதையே காட்டும். உதாரணமாக, உயர்விலைப் பெட்டிக்கு 6,000 ரூபாய் மிகுதி எனவும், பனிக்கட்டி கிலோகிராமுக்கு 3 ரூபாய் எனவும் வைத்துக்கொள்வோம். ஓர் இரவுத் தொழிலில் மிச்சமாகும் 6.3 கிலோகிராமின் மதிப்பு ஏறத்தாழ 19 ரூபாய். மிகுதிப் பணம் திரும்ப 316 தடவை கடலுக்குச் செல்ல வேண்டும். மூன்று நாள் தொழிலில் மிச்சம் 45 கிலோகிராம்; மதிப்பு 136 ரூபாய்; 44 தடவையில் பணம் திரும்பிவிடும். விரிவுப் பணியாளர் தம் ஊரின் பனிக்கட்டி விலையையும் பெட்டி விலையையும் இட்டு இக்கணக்கைத் திரும்பச் செய்துகொள்க. இவ்வூரில் உண்மையான விலை வேறாயினும் முறை மாறாது.

யார்க்கு எது?

மேற்கண்ட கணக்கிலிருந்து பின்வரும் முடிவுகளை எட்டலாம்.

கரமடி இழுப்போர்க்கும் கரையை அடுத்துத் தொழில் செய்வோர்க்கும் விலையுயர்ந்த பெட்டி தேவையில்லை. அவர்கள் மலிவுப் பெட்டி ஒன்றை வைத்து, அதில் போதிய பனிக்கட்டி இட்டால், கிடைக்கும் பயன் மிகப் பெரிது. பெட்டியே இல்லாத நிலைக்கும் மலிவுப் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு, மலிவுப் பெட்டிக்கும் உயர்விலைப் பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிலும் மிகப் பெரிது என்பதை நினைவிற்கொள்க. கையிலுள்ள பணம் குறைவாயின் முதலில் பனிக்கட்டிக்கே செலவிட வேண்டும்.

ஆயினும் வெறும் தெர்மோகோல் பெட்டியைப் படகில் ஏற்றுவது தகாது. இக்கரையில் துறைமுகத் தடுப்பு இன்றி, அலையை ஊடறுத்தே படகை இறக்கவும் ஏற்றவும் வேண்டியிருக்கிறது. ஒரு பேரலையின் மோதலில் தெர்மோகோல் நொறுங்கிவிடும். அதன் மணிகள் கடலிலும் நெய்யாற்றுக் கழிமுகத்திலும் பரவி, நெடுங்காலம் அழியாமல் கிடக்கும். கடல்நீரைத் தாங்கும் ஒட்டுப்பலகை அல்லது கண்ணாடியிழை உறைக்குள் தெர்மோகோல் பலகைகளைப் பதித்த பெட்டியை உள்ளூர்த் தச்சரே செய்து தரலாம். இது விலையில் நடுத்தரமானது, பழுதுபார்ப்பதும் எளிது. இரவுத் தொழில் செய்யும் படகுகளுக்கு இதுவே மிகப் பொருத்தமானது.

இரண்டு நாளுக்கு மேற்பட்டு, சூரை, நெய்மீன் முதலிய விலைமிக்க மீன்களைத் தூண்டிலிட்டுப் பிடிப்போர், தடித்த பாலியூரித்தேன் பெட்டியை வாங்குதல் செலவன்று, முதலீடே. இம்மீன்களின் விலை அவற்றின் புதுமையைப் பொறுத்தது. ஹிஸ்டமின் அச்சமும் சூரையில் மிகுதி. தனியொருவர் வாங்க இயலாவிடில் படகின் பங்காளிகள் சேர்ந்தோ, கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகவோ வாங்கலாம்.

தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்கள் பேருந்திலும் நடந்தும் பல ஊர்களுக்குச் செல்கின்றனர். அவர்களுக்கு எடையே முதற் கவலை. தடித்த பெட்டியின் சுமை அவர்களுக்கு ஆகாது. மூடியுள்ள சிறு தெர்மோகோல் பெட்டியைத் தைத்த துணி உறைக்குள் இட்டுச் செல்வது நன்று. வாங்குவோர் வந்து பார்க்கும் ஒவ்வொரு தடவையும் மூடி திறக்கப்படுவதால், இவர்களின் பெட்டியில் சுவரைவிட மூடியின் வழியே மிகுதியான குளிர் வெளியேறுகிறது. ஆதலால் பெரிய பெட்டி ஒன்றைவிடச் சிறிய பெட்டிகள் இரண்டு மேலானவை: ஒன்றைத் திறந்து விற்கும்போது மற்றது மூடியே இருக்கும்.

கழிமுகத்தில் சுற்றுலாப் படகு ஓட்டுவோர் குடிநீரும் உணவும் சில மணி நேரம் குளிர்ச்சியாக இருந்தால் போதும் என எண்ணுவர். அவர்களுக்கு மெல்லிய சுவருள்ள சிறு பெட்டியே போதும். ஆனால் மீன் வைத்த பெட்டியில் குடிநீரையோ உணவையோ வைத்தல் கூடாது.

விற்பவர் கூற்றைச் சோதித்தல்

‘ஐந்து நாள் பனிக்கட்டி நிற்கும்’ என்று பெட்டியின்மேல் எழுதியிருப்பதைக் காணலாம். பெட்டி நிறையப் பனிக்கட்டி இட்டு, நிழலில் வைத்து, மூடியைத் திறவாமல் செய்த சோதனையிலேயே இத்தகைய நாட்கள் கிடைக்கும். படகில் நிலைமை வேறு. ஆகவே நாமே சோதித்தல் நலம். இச்சோதனையைப் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்க்குச் செய்து காட்டலாம். தராசும் அளவுக்குவளையும் கடிகாரமும் இருந்தால் போதும்.

பெட்டியில் பத்து கிலோகிராம் உடைத்த பனிக்கட்டியை இட்டு, இரண்டு மணி நேரம் மூடி வைத்துப் பெட்டியின் உட்சுவர் குளிரவிடுக. பிறகு வடிகுழாயைத் திறந்து, அதுவரை உருகிய நீரைக் கொட்டிவிடுக. அந்நேரம் முதல் ஆறு மணி நேரத்தில் வடியும் நீரை அளக்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகியதைக் குறிக்கும். அளவை ஆறால் வகுத்தால் மணிக்கு உருகும் அளவு கிடைக்கும். அதைக் கடலில் தங்கும் மணிகளால் பெருக்கினால், சுவருக்காக எவ்வளவு பனிக்கட்டி எடுத்துச் செல்ல வேண்டும் என்பது தெரியும். இரண்டு பெட்டிகளை ஒரே நாளில், ஒரே நிழலில் வைத்துச் சோதித்தால் ஒப்பீடு பிழையற்றதாகும்.

பழைய பெட்டியை வாங்குவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிச்சுவரில் சிறு வெடிப்பு இருந்தால் கடல்நீர் நுரைக்குள் புகும். நீர் பாலியூரித்தேனைவிட இருபத்தைந்து மடங்கு அளவு வெப்பத்தைக் கடத்தக்கது. நுரை நனைந்த உயர்விலைப் பெட்டி, உலர்ந்த மலிவுப் பெட்டிக்கும் தாழ்ந்ததாகிவிடும். பெட்டியைத் தூக்கிப் பார்க்கும்போது அளவுக்கு மிஞ்சிய எடை தென்பட்டாலும், தட்டும்போது ஒரு பக்கம் மட்டும் மந்த ஒலி எழுந்தாலும் ஐயுறுக. மூடியின் ஓரத்தில் மெல்லிய காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம்; தடையின்றி வெளிவந்தால் மூடி பொருந்தவில்லை என்பது பொருள்.

பெட்டியை ஆளும் முறை

நல்ல பெட்டியும் தவறான கையாளுகையால் வீணாகும். கீழ்க்கண்டவை எல்லா வகைப் பெட்டிக்கும் பொருந்தும்.

பனிக்கட்டிப் பாளத்தைச் சிறிதாக உடைத்தே மீனின்மேல் இட வேண்டும். பெரும் பாளத்தைத் தொடும் மீன் சிலவே; மற்றவை சூட்டோடு கிடக்கும். அடியில் ஒரு படலம் பனிக்கட்டி, அதன்மேல் மீன், மறுபடி பனிக்கட்டி என அடுக்குக. மேற்படலம் எப்போதும் பனிக்கட்டியாகவே இருத்தல் வேண்டும். உருகும் நீர் 0 டிகிரியில் மீன்களின்மேல் வழிந்து, குளிர்ச்சியைக் கொடுப்பதோடு வழுவழுப்பையும் நுண்ணுயிர்களையும் கழுவிச் செல்லும். அவ்வழுக்குநீர் அடியில் தேங்காமல் வடிய வழி செய்க.

சாளை, நெத்தோலி போன்ற சிறு மீன்கள் திரளாக விழும்போது அடுக்குதல் இயலாது. சுத்தமான கடல்நீரில் பனிக்கட்டியைக் கலந்து, அதில் அவற்றை அமிழ்த்துதல் சிறந்தது. நீர் மீனின் எல்லாப் பக்கத்தையும் தொடுவதால் குளிர்ச்சி விரைந்து பரவும். மீன் நசுங்குவதும் இல்லை. இம்முறையில் நீரை வடிக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும்.

புறப்படுமுன் வெயிலில் காய்ந்த பெட்டியில் பனிக்கட்டியை இடுதல் கூடாது. முந்திய இரவு பெட்டியை நிழலில் வைத்து, சிறிது பனிக்கட்டியோ குளிர்நீரோ இட்டுக் குளிரவிடுக. படகில் பெட்டியின்மேல் நனைந்த சாக்கை விரிப்பது நன்று. ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். கடற்காற்று ஈரமானதாகையால் முழுப்பயனும் கிட்டாது. எனினும் நேர் வெயிலின் கொடுமை தணியும்.

கரை திரும்பியதும் பெட்டியை நன்னீரால் தேய்த்துக் கழுவி, குளோரின் கலந்த நீரால் அலசி, மூடியைத் திறந்து உலர்த்துக. உட்புற மூலைகள் வளைவாக உள்ள பெட்டி கழுவுவதற்கு எளிது. வாங்கும்போது இதனையும் நோக்குக.

நுரை நிரப்பிய பெட்டிகள் நீரில் மிதப்பவை. 2009-ஆம் ஆண்டு ஜனவரியில், ஆஸ்திரேலியாவின் வடபுறக் கடலில், மீன் பனிப்பெட்டி ஒன்றில் 25 நாள் மிதந்துகிடந்ததாகக் கூறிய பர்மிய மீனவர் இருவர் மீட்கப்பட்டனர். எனினும் பனிப்பெட்டி உயிர்காப்பு உடுப்புக்கு ஈடாகாது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் பூவார் முதல் தூத்தூர் வரையுள்ள இக்கரைக் குடும்பங்கள் பல தம் ஆடவரை இழந்தன. பல நாள் தொழிலுக்கென உயர்விலைப் பெட்டி வாங்குவோர், உயிர்காப்பு உடுப்பையும் வானொலிக் கருவியையும் அதற்கு முன்பே வாங்கியிருத்தல் வேண்டும்.

பனிக்கட்டிக்கு மாற்று இல்லை

2018-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கேரள உணவுப் பாதுகாப்புத் துறையினர் ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்னும் சோதனையை நடத்தினர். நெய்யாற்றின்கரை வட்டத்தில் நெடுஞ்சாலை மேலுள்ள அமரவிளைச் சோதனைச் சாவடியிலும், வாளையாறு முதலிய பிற சாவடிகளிலும் வெளியிலிருந்து வந்த மீன் பிடிபட்டது. அதில் பார்மலின் கலந்திருந்தது கண்டறியப்பட்டது. பிணங்களையும் ஆய்வுக்கூட மாதிரிகளையும் அழுகாமல் காக்கும் பொருளை உணவில் இடுவதற்குக் காரணம், போதிய பனிக்கட்டியும் பெட்டியும் இன்றி மீனை நெடுந்தொலைவு அனுப்ப முயல்வதே. இதனை எளிதில் கண்டறியும் சோதனைத் தாளைக் கொச்சி மீன்வளத் தொழில்நுட்ப நிலையத்தார் அவ்வாண்டே வெளியிட்டனர்.

அச்செய்தி பரவியபோது மக்கள் எல்லா மீனையும் ஐயுற்றனர். அன்று காலை பூவாரில் கரையேறிய தூய மீனைச் சுமந்து சென்ற பெண்ணும், பிறர் செய்த குற்றத்திற்காக வாங்குவோரின் ஐயத்தை எதிர்கொள்ள நேர்ந்தது. அவளுடைய மீன் தூயது என்பதற்கு அவள் காட்டத்தக்க சான்று ஒன்றே: மூடியைத் திறந்ததும் மீனின்மேல் தெரியும் பனிக்கட்டி.

ஆகவே விரிவுப் பணியாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை மணி நேரம் கடலில் தங்குவீர்கள்?’ என்பது. இரண்டாவது, ‘எத்தனை கிலோகிராம் பனிக்கட்டி கொண்டுசெல்வீர்கள்?’ என்பது. இவ்விரண்டிற்கும் விடை கிடைத்தபின், எந்தப் பெட்டி என்பது தானே விளங்கும். விலை உயர்ந்த பெட்டியில் அரைப் பங்கு பனிக்கட்டியோடு சென்றவரைக் காட்டிலும், எளிய பெட்டியில் முழுப் பங்கு பனிக்கட்டியோடு ஓரிரவு சென்று வந்தவரே நல்ல மீனைக் கரை சேர்ப்பார். நெடுநாள் செல்வோர்க்கு மட்டும் தடித்த சுவர் தன் விலையைத் தானே திருப்பித் தரும்.